ஒரே பிறந்த நேரத்துக்கு இரண்டு ராசி, டாரட்டில் திரும்பத் திரும்ப டெத் கார்டு: எங்கே கோளாறு?

மாடிப்படி கேட்டது:

வணக்கம். ஜோதிடக் கணிதமும் டாரட்டும் (படச் சீட்டு எடுத்துக் குறி பார்ப்பது) தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

ஒரே தேதி, ஒரே நேரம், ஒரே ஊர் கொடுத்தும் ஒரு செயலி ரிஷப ராசி என்கிறது, இன்னொன்று மிதுனம் என்கிறது. சந்திரன் முதலாவதில் ரிஷபம் 29 பாகை 10 கலை (60 கலை ஒரு பாகை), இரண்டாவதில் மிதுனம் 0 பாகை 37 கலை. நட்சத்திரம் இரண்டிலும் மிருகசீரிடம்தான். ஆனால் செவ்வாய் தசை இருப்பு (பிறக்கும்போது மீதமிருந்த தசைக் காலம்) ஒன்றில் 3 வருஷம் 11 மாதம், மற்றதில் 3 வருஷம் 2 மாதம். ஒன்றில் செவ்வாய் தோஷம் இருக்கிறதாம், மற்றதில் இல்லையாம். போதாததற்கு, பிறந்த தேதி மே 5 என்பதால் ஆங்கில ராசிபலனில் "டாரஸ்" என்று வருகிறது. இதில் எந்த மென்பொருளில் பிழை?

இன்னொன்று டாரட் பற்றி. மூன்று கார்டு எடுக்கும் முறையில் அடுத்தடுத்து இரண்டு தடவை டெத் கார்டு வந்தால் அதற்கு என்ன பொருள்? கடைசியாக, எதிரில் இருப்பவர் வாயே திறக்காமல் குடும்ப விஷயங்களைச் சரியாகச் சொல்லும் ஆட்கள் அதை எப்படிச் செய்கிறார்கள்? அதற்குத் தனி சக்தி வேண்டுமா?

---

பாகைகலை எழுதியது:

இரண்டு மென்பொருளிலும் பிழை இல்லை. சந்திரன் வானில் நின்ற இடத்தை இரண்டும் ஒன்றாகத்தான் கணக்கிட்டிருக்கின்றன. எந்தப் புள்ளியைப் பூஜ்ஜியமாக வைத்து அளப்பது என்பதில்தான் வேறுபாடு. நீங்கள் கொடுத்த இரண்டு எண்ணுக்கும் இடைவெளி 1 பாகை 27 கலை. இந்த அளவைப் பார்த்தாலே ஒன்று லாகிரி அயனாம்சம், மற்றது ராமன் அயனாம்சம் என்று தெரிகிறது. செயலியின் அமைப்புகளுக்குள் "அயனாம்சம்" என்ற இடத்தைத் திறந்து பாருங்கள், அதுதான் இருக்கும்.

அயனாம்சம் என்றால் என்ன? மார்ச் மாதம் பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் நிற்கும் புள்ளியிலிருந்து அளப்பது சாயன முறை, மேலைநாட்டார் பெரும்பாலும் அதையே வைத்திருக்கிறார்கள். அந்தப் புள்ளி நட்சத்திரங்களின் பின்னணியில் ஆண்டுக்குச் சுமார் 50 விகலை (60 விகலை ஒரு கலை) பின்னோக்கி நகர்கிறது, அதாவது ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை. நட்சத்திரங்களை ஒட்டி அளக்கும் நம் நிராயன முறைக்கு அந்த நகர்வைக் கழிக்க வேண்டும். கழிக்கும் அளவுதான் அயனாம்சம். 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் லாகிரிப்படி அது 23 பாகை 51 கலை. ராமன் கணக்கில் ஒன்றரைப் பாகைக்குச் சற்றுக் குறைவாகக் கழிப்பார்கள். கே.பி. (கிருஷ்ணமூர்த்தி பத்ததி) முறைக்காரர்கள் லாகிரியைவிட ஆறு கலை குறைவாகக் கழிப்பார்கள்.

எது சரி என்பதற்கு வானத்தில் கோடு போட்டு வைத்திருக்கவில்லை. லாகிரி முறை சித்திரை நட்சத்திரத்தை 180 பாகையில் வைத்துத் தொடங்குகிறது. மேக்நாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் அறிக்கை கொடுத்தபின் அரசு வெளியிடும் பஞ்சாங்கத்துக்கு அதுவே அடிப்படையானது. அதனால்தான் பெரும்பாலான செயலிகள் அதை முன்னிருப்பாக வைத்திருக்கின்றன. அது ஒரு ஏற்பாடு என்ற அளவில் புரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில் ராசியே மாறியதற்குக் காரணம், சந்திரன் ராசி எல்லையில் நிற்கிறது. ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை, ஒரு பாதம் 3 பாகை 20 கலை. மிருகசீரிடத்தில் முதல் இரண்டு பாதம் ரிஷபம், அடுத்த இரண்டு மிதுனம். இப்படி இரண்டு ராசியில் கால் வைத்திருப்பவை ஒன்பது: கார்த்திகை, மிருகசீரிடம், புனர்பூசம், உத்திரம், சித்திரை, விசாகம், உத்திராடம், அவிட்டம், பூரட்டாதி. இந்த ஒன்பதில் பிறந்தவர்கள் நட்சத்திரத்தை மட்டும் சொல்லி ராசிபலன் பார்க்கக் கூடாது, பாதமும் வேண்டும்.

தசை இருப்பை நீங்களே கையால் சரிபார்க்கலாம். மிருகசீரிடம் முடியும் இடம் மேஷத் தொடக்கத்திலிருந்து 66 பாகை 40 கலை. லாகிரிப்படி உங்கள் சந்திரன் 59 பாகை 10 கலையில். மீதி 7 பாகை 30 கலை. அதை 13.333ஆல் வகுத்தால் 0.5625. செவ்வாய் தசை 7 வருஷம், பெருக்கினால் 3.94 வருஷம், அதாவது 3 வருஷம் 11 மாதம் சொச்சம். ராமன்படி மீதி 6 பாகை 3 கலை, பெருக்கி வருவது 3.18 வருஷம். உங்கள் இரண்டு செயலிக்கும் இடையிலான ஒன்பது மாத வித்தியாசம் அப்படியே வருகிறது. இந்தத் தள்ளல் பிற்பாடு வரும் எல்லாத் தசைக்கும் புத்திக்கும் தொடரும். பிறக்கும்போது 20 வருஷச் சுக்கிர தசை ஓடியிருந்தால் இதே இடைவெளி 2 வருஷம் 2 மாதமாகப் பெருகும். ஜாதகக் குறிப்பில் "கர்ப்பச் செல் போக இருப்பு" என்று எழுதியிருப்பது இந்தக் கணக்கைத்தான்.

ஆகவே ஒரு அயனாம்சத்தைத் தேர்ந்துகொண்டு எல்லாவற்றையும் அதிலேயே பாருங்கள். ராசியை ஒன்றில், தசையை மற்றொன்றில் எடுப்பதுதான் உண்மையான பிழை. பொருத்தம் பார்க்கும்போது இரண்டு ஜாதகத்தையும் ஒரே முறையில் கணித்துக்கொள்ள வேண்டும். ஒன்று வாக்கியத்திலும் மற்றது திருக்கணிதத்திலும் இருந்தால் அந்தப் பொருத்த மதிப்பெண்ணை மதிப்பெண்ணாகவே எடுக்க முடியாது.

வாக்கியம், திருக்கணிதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. திருக்கணிதம் இன்றைய வானியல் அளவுகளை வைத்துக் கிரகத்தைக் கணிக்கிறது. வாக்கியம் பழைய மாறிலிகளையும் மனப்பாட வாக்கியங்களையும் வைத்துக் கணிக்கிறது. நூற்றாண்டுகளாகச் சின்னச் சின்னப் பிழை சேர்ந்ததில் சனி அதிகம் விலகிவிட்டது. சனி மீனத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026 மார்ச் 6. இந்த இரண்டாவது தேதியில் திருக்கணிதச் சனி மீனத்தில் ஏழெட்டுப் பாகை கடந்திருந்தது. மேஷ ராசிக்காரருக்கு ஏழரைச் சனி தொடங்கிய நாளே ஏறக்குறைய ஒரு வருஷம் மாறுகிறது. வானில் சனி எங்கே தெரிகிறது என்று தொலைநோக்கி வைத்துப் பார்ப்பவருக்குத் திருக்கணித நிலைதான் பொருந்தும்.

"டாரஸ்" குழப்பம் எளிது. ஆங்கில ராசிபலன் சூரியன் நின்ற சாயன ராசியைச் சொல்கிறது. நாம் "என் ராசி" என்பது சந்திரன் நின்ற நிராயன ராசி. இரண்டும் வேறு கிரகம், வேறு அளவுகோல். நிராயனத்தில் உங்கள் சூரியன் எங்கே என்று அறியத் தமிழ் மாதமே போதும். சித்திரை என்றால் மேஷம், வைகாசி என்றால் ரிஷபம், அப்படியே பங்குனி மீனம் வரை. மே 5 சித்திரையில் வருவதால் உங்கள் சூரியன் மேஷத்தில். அடிக்கடி கிளம்பும் "பதின்மூன்றாம் ராசி" செய்தியும் இதே போன்ற கலப்படம்தான். சூரியன் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் நடு வரை ஒஃபியூகஸ் விண்மீன் தொகுதியைக் கடப்பது உண்மை. ஆனால் ராசி என்பது வட்டத்தை 30 பாகையாகச் சமமாக வெட்டிய துண்டு, விண்மீன் தொகுதிகளோ சமமில்லாதவை. ஒன்றை வைத்து மற்றதைத் திருத்த முடியாது.

செவ்வாய் தோஷத்துக்கு வருவோம். லக்னம் (பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசி), சந்திரன், சுக்கிரன் இவற்றிலிருந்து 2, 4, 7, 8, 12இல் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது பொதுவான விதி. ராசிக் கட்டத்தில் எண்ணும்போது சந்திரன் ஒரு ராசி தள்ளினால் எண்ணிக்கை முழுதும் ஒன்று தள்ளும். செவ்வாய் சிம்மத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், ரிஷபத்திலிருந்து அது 4, தோஷம். மிதுனத்திலிருந்து 3, தோஷமில்லை. உங்களுக்கு நடந்திருப்பது இந்த மாதிரிதான்.

இதில் ஒரு எளிய எண்ணிக்கையையும் செய்து பாருங்கள். 12 வீட்டில் 5 வீடு தோஷ வீடு. லக்னத்திலிருந்து மட்டும் பார்த்தாலே நூற்றுக்கு 42 பேருக்கு இது வரும். மூன்று இடத்திலிருந்தும் எண்ணி, ஏதாவது ஒன்றில் வந்தாலே தோஷம் என்று வைத்தால் தோராயமாக ஐந்தில் நாலு பேருக்கு வந்துவிடும். அதனால்தான் விதிவிலக்குகளும் இத்தனை இருக்கின்றன: செவ்வாய் மேஷம், விருச்சிகத்தில் ஆட்சி, மகரத்தில் உச்சம், குரு பார்வை என்று. விதியை மட்டும் சொல்லி விலக்கைச் சொல்லாமல் ஒரு பெண்ணின் ஜாதகத்தை ஒதுக்குவது பாதிப் புத்தகம் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவது. இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது, எத்தனையோ பேச்சு இந்தப் பாதிப் பக்கத்தில் முறிகிறது.

ஏழரையும் அப்படித்தான். சனி ஒரு சுற்றுக்குச் சுமார் இருபத்தொன்பதரை வருஷம், ஒரு ராசிக்கு இரண்டரை. 12, 1, 2 என மூன்று ராசி சேர்ந்து ஏழரை. எந்த நாளை எடுத்தாலும் 12இல் 3 ராசிக்கு ஏழரை ஓடிக்கொண்டிருக்கும், அதாவது நாலில் ஒருவருக்கு. 8இல் அஷ்டமச் சனி, 4இல் அர்த்தாஷ்டமச் சனி சேர்த்தால் 12இல் 5. ஏழிலும் பத்திலும் கண்டகச் சனி என்று கூட்டினால் 12இல் 7. பாதிக்கு மேல் மக்கள் எப்போதும் ஏதோ ஒரு சனியில் இருக்கிறார்கள். "உங்களுக்குச் சனி நடக்கிறது" என்று யாரைப் பார்த்துச் சொன்னாலும் தவறுவதைவிடப் பொருந்துவதற்கே வாய்ப்பு அதிகம்.

---

மாடிப்படி எழுதியது:

மிக்க நன்றி சார், அமைப்பில் பார்த்தேன், ஒன்று லாகிரி, ஒன்று ராமன், நீங்கள் சொன்னபடியே. பிறப்புக் குறிப்பில் நேரம் "காலை சுமார் 6.30" என்று இருக்கிறது. இந்த "சுமார்" எவ்வளவு தூரம் கெடுக்கும்?

---

நாழிகைவட்டில் எழுதியது:

லக்னம் சராசரியாக 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும், ஒரு ராசியைக் கடக்கச் சுமார் 2 மணி நேரம். ஒரு ராசியை 9ஆக வெட்டும் நவாம்சத்தில் லக்னம் 13 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். 60ஆக வெட்டும் சஷ்டியாம்சம் 2 நிமிடத்துக்கு ஒருமுறை. "சுமார் 6.30" என்ற குறிப்பை வைத்து ராசிக் கட்டம் பார்க்கலாம், நவாம்சத்தைப் பென்சிலில் எழுதிக்கொள்ளலாம், அதற்கு மேல் உள்ள வர்க்கங்களை (இப்படி வெட்டிப் போடும் மற்றக் கட்டங்களை) தொடவே கூடாது. இரட்டைக் குழந்தைகளின் ராசிக் கட்டம் ஒன்றாகவே இருந்தும் நவாம்சம் வேறாக வருவது இதனால்தான்.

சந்திரனைப் பற்றிக் கவலை வேண்டாம். அரை மணி பிசகினால் 16 கலைதான் நகரும். உங்கள் சந்திரன் லாகிரியில் எல்லைக்கு 50 கலை முன்னால் நிற்கிறது, அதைத் தாண்ட ஒன்றரை மணி நேரப் பிழை வேண்டும். ஆக, லாகிரியில் உங்கள் ராசி ரிஷபம்தான், அது ஆடாது. ராமன் கணக்கில் எல்லை தாண்டி 37 கலை, அங்கேயும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிசகினால்தான் மாறும்.

நேரம் மொத்தமாகத் தப்பா என்று பார்க்க ஒரு சோதனை. சூரியன் உதிக்கும் நேரத்தில் லக்னமும் சூரியனும் ஒரே இடத்தில் இருக்கும். உச்சிவேளையில் சூரியன் லக்னத்துக்கு 10ஆம் இடத்தை ஒட்டி, அஸ்தமனத்தில் 7ஆம் இடத்தை ஒட்டி, நள்ளிரவில் 4ஆம் இடத்தை ஒட்டி. காலை 6.30க்குப் பிறந்த ஜாதகத்தில் சூரியன் 7இல் இருந்தால், யாரோ காலை மாலையை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

அடுத்து நேர மண்டலம். செயலிகள் சறுக்கும் இடம் இது. இலங்கையில் 1996 மே கடைசியில் கடிகாரத்தைக் கிரீன்விச் நேரத்திலிருந்து 6.30 மணி நேர வித்தியாசத்துக்கு மாற்றினார்கள், அதே ஆண்டு அக்டோபரில் 6.00, பிறகு 2006 ஏப்ரலில் பழையபடி 5.30. சிங்கப்பூரில் 1982க்கு முன் 7.30, பிறகு 8.00. இந்தியாவில் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை போர்க்கால நேரம், ஒரு மணி நேரம் முன்னால். இந்த இடைவெளிகளில் பிறந்தவர்களுக்குச் செயலி எந்த வித்தியாசத்தை எடுத்திருக்கிறது என்று திரையில் பார்த்து உறுதி செய்யுங்கள். அரை மணி பிழை லக்னத்தை ஏழரைப் பாகை தள்ளும், நாலில் ஒரு ஜாதகத்தில் லக்ன ராசியே மாறும்.

---

எழுபத்தெட்டு எழுதியது:

டெத் கார்டு கேள்விக்கு நான் வருகிறேன். முதலில் ஒன்று சொல்லுங்கள் தோழி: முழு டெக்கா (சீட்டுக்கட்டா), மேஜர் ஆர்கானா எனும் தலைமைக் கார்டுகள் 22 மட்டுமா? பல செயலிகளும் அவசரமாகப் பார்ப்பவர்களும் 22ஐ மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். முழு டெக்கில் 78 கார்டு: மேஜர் 22, மைனர் 56. மைனரில் வாண்ட்ஸ், கப்ஸ், ஸ்வோர்ட்ஸ், பென்டகிள்ஸ் என நாலு வகை, வகைக்கு 14. முழு டெக்கில் மூன்று கார்டு எடுத்தால் டெத் வர 26இல் ஒரு வாய்ப்பு. 22 மட்டும் என்றால் ஏழில் ஒன்று. 22இல் அடுத்தடுத்து இரண்டு முறை வருவது 54இல் ஒன்று. பல பேர் தினமும் கார்டு எடுக்கும் உலகத்தில் இது தினமும் யாருக்காவது நடக்கும்.

நாம் பயப்படும் கார்டு டெத் ஒன்று மட்டுமா? டவர், டெவில், ஸ்வோர்ட்ஸில் மூன்று, ஒன்பது, பத்து. ஆறு கார்டு ஆயிற்று. முழு டெக்கில் மூன்று எடுத்தால் இந்த ஆறில் ஒன்றாவது வர ஐந்தில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு. பத்துக் கார்டு கெல்டிக் கிராஸ் போட்டால் 57 சதவீதம். இப்படி ஒன்று வருவதுதான் வழக்கம், வராமல் போவதுதான் குறைவு. தினம் ஒரு கார்டு எடுத்தால் 11ஆவது நாளுக்குள் ஏதோ ஒரு கார்டு மறுபடி வரும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். "இந்தக் கார்டு என்னை விடவே மாட்டேன் என்கிறது" என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள்.

வாய்ப்பைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, அது கலைக்கும் முறை. எடுத்த மூன்று கார்டை டெக்கின் மேல் வைத்து, ஒரு கையில் பிடித்துக் கொத்துக் கொத்தாக எடுத்துப் போட்டு நாலு தடவை கலைத்தால் கொத்து உடையாது. பக்கத்தில் இருந்த கார்டுகள் பக்கத்திலேயே கிடக்கும். அடுத்த முறையும் அவையே கையில் வரும். இரண்டாகப் பிரித்து ஓரங்களைக் கோர்த்து விடும் முறையில் 52 சீட்டுக்கு ஏழு தடவை போதும் என்று டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992இல் காட்டினார்கள். 78க்கு எட்டு ஒன்பது தடவை வைத்துக்கொள்ளுங்கள். டாரட் கார்டு பெரிது, அப்படிக் கோர்த்தால் ஓரம் வளையும், கைக்கும் அடங்காது. அதைவிட எளிது: எல்லாவற்றையும் மேசையில் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் வட்டமாக ஒரு நிமிடம் நன்றாகப் பிசைந்து கலந்து, கூட்டி அடுக்கி, ஒரு முறை வெட்டுங்கள். இந்த முறையில் கார்டுகள் தலைகீழாகவும் தானே திரும்பும். தலைகீழ் கார்டுக்குத் தனிப் பொருள் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புது டெக்கில் எல்லாம் நேராக இருக்கும், மற்ற முறைகளில் பாதியைத் திருப்பி வைக்காமல் கலைத்தால் தலைகீழ் வரவே வராது. பார்க்காதவர்கள் எல்லாவற்றையும் நேராக்கிவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் கொள்கையை மாற்றக் கூடாது.

டெத் கார்டுக்கு உடல் மரணம் என்ற பொருளை யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்துவிடலாம். 1909இல் வந்த ரைடர் வெயிட் ஸ்மித் டெக்கில் அந்தப் படத்தைப் பாருங்கள். பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. வெள்ளைக் குதிரையில் எலும்புருவம், கையில் வெள்ளை ரோஜா போட்ட கொடி, பின்னால் இரண்டு கோபுரத்துக்கு நடுவே சூரியன். ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குவது, அவ்வளவுதான் வழக்கமான வாசிப்பு. வேலை, வீடு, ஒரு பழக்கம், ஒரு நட்பு, எதுவாகவும் இருக்கலாம். எது என்பதைக் கேள்விதான் தீர்மானிக்கும்.

"எகிப்தியப் பூசாரிகளின் ரகசியம்" என்பதும் தவறு. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்த சீட்டாட்டம். எகிப்துக் கதையை 1781இல் பிரான்சில் கூர் த ஜெபலின் எழுதினார். எகிப்திய எழுத்தைச் சாம்போலியோன் படித்தது 1822இல்தான், அதற்கு நாற்பது வருஷம் முன்பே எழுதிய ஊகம் அது. குறிசொல்லப் பயன்பட்டது பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டிலிருந்துதான். டெக்கை யாராவது பரிசாகத் தந்தால்தான் வேலை செய்யும், பிறர் தொட்டால் சக்தி போய்விடும், பட்டுத்துணியில்தான் சுற்ற வேண்டும் என்பவற்றுக்கும் அடிப்படை இல்லை. துணி தூசியையும் ஈரத்தையும் தடுக்கும், ஈரம் ஏறினால் கார்டு வளையும். பயன் அது ஒன்றுதான். வேண்டிய பழக்கம் வேறு: முடிந்ததும் 78ஐயும் எண்ணி வையுங்கள். ஒன்று தொலைந்த டெக்கை மாதக்கணக்கில் பயன்படுத்துபவர்கள் உண்டு.

வாசிப்பு கெட்டுப்போகும் இடம் இரண்டு. ஒன்று கேள்வி. "அவர் திரும்பி வருவாரா" என்று கேட்டால் கார்டு எது வந்தாலும் மனம் ஆமாம், இல்லை என்று வளைத்துக்கொள்ளும். "இந்த உறவில் நான் பார்க்கத் தவறுவது என்ன" என்று கேட்டால் படம் யோசிக்க வைக்கும். மூன்று இடத்துக்கும் பொருளைக் கார்டு எடுக்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். எடுத்த பிறகு இது கடந்த காலமா, தடையா என்று மாற்றினால் எதையும் எதற்கும் பொருத்தலாம். இரண்டாவது, பிடிக்காத கார்டு வந்ததும் "தெளிவுக்காக" இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று. நாலாவதாக எடுக்கும்போது பிடித்த பதில் வந்தேவிடும். ஒரு கேள்விக்கு ஒரு முறை. சூழ்நிலையில் ஏதாவது மாறும் வரை மறுபடி கேட்கக் கூடாது. நோய், கர்ப்பம், வழக்கு, ஒருவரின் ஆயுள் பற்றிக் கார்டிடம் கேட்காதீர்கள்.

---

திரைமறைவு எழுதியது:

வாய் திறக்காதவரிடம் குடும்ப விஷயம் சொல்வதற்குத் தனி சக்தி வேண்டாம், பயிற்சி வேண்டும். பலர் இதை ஏமாற்று என்று தெரியாமலேயே செய்கிறார்கள், தங்களுக்கே சக்தி இருக்கிறது என்று நம்புகிறார்கள். ஆகவே ஆளின் நேர்மையை எடைபோட்டு முடிவு செய்ய முடியாது, பேச்சின் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

தமிழில் இதற்கு வாகான ஒரு கேள்வி வடிவம் இருக்கிறது. "உங்களுக்குத் தம்பி இல்லையே?" இருக்கிறது என்று முகம் சொன்னால், "அதான் பார்த்தேன், ஒரு தம்பி தெரிகிறான்." இல்லை என்றால், "ஆமாம், இல்லை என்றுதானே சொன்னேன்." இரண்டு பக்கமும் சரியாகும். அடுத்தது இரட்டை வரி: "வெளியே கலகலப்பு, உள்ளே சட்டென்று மூடிக்கொள்வீர்கள்." இது பொருந்தாத மனிதர் கிடையாது. மூன்றாவது அள்ளி இறைப்பது: "க, ம, ச, ஏதோ ஒரு எழுத்தில் பெயர், பெரியவர், நெஞ்சுப் பக்கம் அல்லது மூட்டு வலி." குடும்பத்தில் ஒருவராவது மாட்டுவார். மாட்டிய ஒன்றை வீட்டுக்குப் போய் எல்லோரிடமும் சொல்வோம், மாட்டாத ஆறை மறந்துவிடுவோம். வாயே திறக்கவில்லை என்று நாம் நினைப்போம், ஆனால் தலையசைவு, மூச்சு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கண் எல்லாம் பேசியிருக்கும். முன்பதிவுக்குப் பெயரும் கைபேசி எண்ணும் கொடுத்திருந்தால் சமூக வலைத்தளப் பக்கமே மீதியைச் சொல்லிவிடும்.

பொதுவான வரிகள் எவ்வளவு பொருந்தும் என்று பெர்ட்ராம் ஃபோரர் 1948இல் தம் மாணவர்களிடம் பார்த்தார். 39 பேருக்கும் தனித்தனிக் குணச் சோதனை முடிவு என்று சொல்லி ஒரே தாளைக் கொடுத்தார். வரிகள் பெரும்பாலும் கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. பொருத்தத்துக்கு 5க்கு அவர்கள் போட்ட சராசரி 4.26.

பாகைகலை சாரின் கணக்கு ஒவ்வொன்றும் சரி. ஆனால் படிப்பவர்கள் ஒரு தாவல் தாவிவிடக் கூடாது: கிரக நிலை துல்லியமானால் பலனும் துல்லியம் என்று ஆகாது. ஷான் கார்ல்சன் 1985இல் நேச்சர் இதழில் வெளியிட்ட சோதனையில், ஒரு ஜாதகத்துக்கு உரிய குணச் சோதனை முடிவை மூன்றில் ஒன்றாக ஜோதிடர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பாதிக்கு மேல் சரியாக வரும் என்று அவர்களே எதிர்பார்த்தார்கள், வந்தது குருட்டாம்போக்கில் வரும் மூன்றில் ஒன்று. ஜெயந்த் நார்லிகர் குழுவினர் மகாராஷ்டிரத்தில், படிப்பில் சிறந்த 100 குழந்தைகள், அறிவுசார் குறைபாடுள்ள 100 குழந்தைகளின் ஜாதகங்களை வைத்து 27 ஜோதிடர்களுக்கு ஆளுக்கு 40 கொடுத்து எது எது என்று பிரிக்கச் சொன்னார்கள். சராசரி 46 சதவீதம், நாணயம் சுண்டினால் வருவது 50.

---

பாகைகலை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. நான் எழுதியது முழுதும் நிலைக் கணக்கு, அதைச் சரிபார்க்க வானம் இருக்கிறது. பலனுக்கு அப்படி ஒரு வானம் இல்லை. பாகை, கலை, விகலை என்று அச்சிட்ட அறிக்கையைப் பார்த்ததும் கடைசிப் பக்கத்துப் பலனும் அதே துல்லியத்தில் இருப்பதாகத் தோன்றுவது இயல்பு. அந்த இரண்டையும் ஒரே தாளில் அச்சிடுகிறார்களே தவிர, ஒன்று மற்றதிலிருந்து பிறக்கவில்லை.

---

மாடிப்படி எழுதியது:

எழுபத்தெட்டு அக்கா, 22 கார்டு மட்டும்தான், கலைத்ததும் நீங்கள் சொன்ன கொத்து முறையில்தான். இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டது. திரைமறைவு சார், வீட்டில் பெரியவர்கள் குறி சொல்லும் ஒருவரை மிகவும் நம்புகிறார்கள். வாதம் செய்யாமல் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

---

திரைமறைவு எழுதியது:

உண்டு. பத்துப் பேர் வேண்டும். ஒவ்வொருவருக்கும் குறி சொல்பவர் சொல்வதைப் பதிவு செய்து எழுத்தில் இறக்குங்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் மூன்று தாள் கொடுங்கள், ஒன்று அவருடையது, இரண்டு பிறருடையது, பெயர் இல்லாமல். தன்னுடையதை அவர் கண்டுபிடிக்க வேண்டும். வெறும் ஊகத்தில் பத்தில் மூன்று பேர் சரியாக எடுப்பார்கள். ஏழோ அதற்கு மேலோ ஊகத்தில் வர 2 சதவீதம்தான் வாய்ப்பு, ஆகவே ஏழு வந்தால் உட்கார்ந்து யோசிக்க விஷயம் இருக்கிறது. எல்லை எண்ணைத் தொடங்கும் முன்பே பெரியவர்களோடு பேசி எழுதி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாலு வந்ததும் "நாலே பெரிது" என்று ஆகிவிடும்.

ஆள் சேர்க்க முடியவில்லை என்றால், அவர் சொல்லும் தேதியுள்ள வாக்குகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதி, தேதி வந்ததும் நடந்தது, நடக்கவில்லை என்று குறித்து வாருங்கள். "நல்ல காலம் பிறக்கும்" மாதிரி வரிகளை எழுதவே வேண்டாம்.

பயத்தைச் சொல்லிவிட்டு அதே மூச்சில் பரிகாரத்தையும் சொல்லி, அதைத் தன்னால் மட்டும்தான் செய்ய முடியும், வீட்டில் யாருக்கும் சொல்லக் கூடாது என்றால் சோதனைக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பெரியவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

---

நாழிகைவட்டில் எழுதியது:

அந்தச் சோதனைக்கு ஒரு திருத்தம் மட்டும். தாள்களைக் கலக்கும் முன் வயது, ஆண் பெண், கல்யாணம் ஆனவரா, படிப்பவரா என்று காட்டிக்கொடுக்கும் வரிகளை நீக்குங்கள். "பிள்ளைகள் படிப்பில்" என்று ஒரு வரி இருந்தாலே கல்லூரி மாணவர் அந்தத் தாளைத் தள்ளிவிடுவார், மூன்றில் ஒன்று இரண்டில் ஒன்றாகிவிடும், கணக்கு கெட்டுப்போகும். முடிந்தால் பத்துப் பேரையும் ஒரே வயது, ஒரே நிலையில் இருப்பவர்களாக எடுங்கள். வரிகளை நீக்குபவர் எது யாருடையது என்று தெரியாதவராக இருக்கட்டும்.

---

மாடிப்படி எழுதியது:

குறித்துக்கொண்டேன். நீக்கும் வேலைக்குத் தங்கையை உட்கார வைக்கிறேன், அவளுக்கு அந்தப் பத்துப் பேரில் யாரையும் தெரியாது.